இரட்டை நாலு

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், நாட்டிங்ஹாம் நகரத்துக்கு எங்கள் ஞாபகம் வந்துவிடும். மற்ற மாதங்களில் இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அக்டோபரில் கையில் நிகழ்ச்சி நிரலோடு வந்து கதவைத் தட்டுவார்கள். கறுப்பர் வரலாறு, கறுப்பர் பண்பாடு என்று நவம்பர் பாதிவரை ஒரே அமர்க்களம். விளக்குக் கம்பமெல்லாம் கொடி, அருங்காட்சியகத்தில் பழைய போட்டோக்கள், பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு. பிள்ளைகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார்கள்.

இந்த வருஷம் டாமினோவும் பண்பாட்டில் சேர்ந்துவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்த நாளிலிருந்து நாங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். அது பண்பாடு என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மனைவிமார்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

கொண்டாட்டத்தை நடத்தும் ஷெவான் என்ற பெண் எங்கள் டாமினோ கிளப்புக்கு வந்து, எங்கள் ஆட்டக்காரர் எவரால்ட் எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், பக்கத்து ஊர் டார்பிக்காரங்களோட ஒரு மேட்ச். நூலகக் கூடத்துல. வின்ஸ்லோ அங்கிள் நினைவா வைக்கிறோம். நீங்க இல்லாம நடக்காது."

"சரி," என்றார் எவரால்ட்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"அதான் சரின்னுட்டேனேம்மா."

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் பிடுங்கிவிடலாமா என்றார், சரி. பக்கத்து வீட்டுக்காரன் வேலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளட்டுமா என்றான், அதற்கும் சரி. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், ஒரு காலத்தில் பஸ்ஸில் சில்லறை தராதவனை நடுவழியில் இறக்கிவிட்டவர். இப்போது அவரைத் தூக்கி வேறு நாற்காலியில் வைத்தாலும் அங்கேயே இருந்திருப்பார்.

வின்ஸ்லோ செத்ததிலிருந்துதான் இப்படி. இருவரும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே டாமினோ மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டாமினோ எங்களுக்கு நாலு பேர் ஆட்டம். ஒவ்வொரு காயிலும் இரண்டு எண் புள்ளிகளாக இருக்கும், வரிசையின் முனையில் உள்ள எண்ணோடு பொருந்தும் காயைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், கையில் காய் முதலில் தீர்ந்தவன் பக்கம் ஜெயித்தது. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். கையில் என்ன காய் என்று கூட்டாளியிடம் வாயைத் திறக்கக் கூடாது, கண்ணையும் காட்டக் கூடாது. அவன் எதைப் போடுகிறான், எதைப் போடாமல் தயங்குகிறான் என்று பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எவரால்ட் ஊகித்தது கிடையாது. வின்ஸ்லோ கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சாவுச் செய்தி ஃபோனில் வந்தபோது எவரால்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டார், ஃபோனை வைத்தார், தேய்க்காமல் மிச்சமிருந்த சட்டைக் கையைத் தேய்த்து முடித்தார். எப்படிச் செத்தான், எங்கே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. அடக்கத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் கூடிப் பாடும் ஒன்பதாம் நாள் சடங்குக்குப் போய்ப் பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிட்டார், எல்லோரும் பாடிய பாட்டைத் தானும் பாடினார், வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினார்.

அடக்கத்தன்றுதான் வினை வந்தது. குழி மூடுவதை எங்கள் ஆட்கள் கூலிக்காரனிடம் விடுவதில்லை. செத்தவனின் சொந்தமும் நட்பும்தான் மண்ணைத் தள்ளும், பெண்கள் சுற்றி நின்று பாடுவார்கள். நாலு தடவை மண் தள்ளியதும் அழுகை வரும், மண்வெட்டி கை மாறும். எவரால்ட் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நின்று நிதானமாக, மூச்சுகூட வாங்காமல் பாதிக் குழியை ஒற்றை ஆளாக மூடினார். வின்ஸ்லோவின் மனைவி மெர்லீன் பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"முப்பது வருஷம் அவன் மூஞ்சிக்கு நேர உக்காந்த," என்றாள், எல்லோரும் கேட்க. "நாயப் பொதைக்கிற மாதிரி மண்ணத் தள்ளுற. கண்ணுல ஒரு சொட்டு இல்லையே எவரால்ட். அவன் உனக்கு யாரு? சொல்லு, யாரு?"

எவரால்ட் மண்வெட்டியைத் துடைத்து அடுத்த ஆளிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து மெர்லீன் அவரைத் தெருவில் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள். அது அவருக்குப் பெரிதில்லை. அவள் சொன்னது பொய்யென்றால் தனக்குக் கோபமாவது வந்திருக்க வேண்டும், அது ஏன் வரவில்லை என்பதுதான் அவரை அரித்தது. ஒருவேளை அந்த மனிதன்மேல் தனக்குப் பாசமே இல்லையோ, எதிர் நாற்காலியில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லையோ என்று நினைத்தார். நினைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத் தன்னையே கிள்ளிக்கொண்டிருந்தார்.

புதுக் கூட்டாளியாக ஹ்யூபர்ட்டைப் போட்டார்கள். முடி வெட்டுகிறவர், நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. மேட்சுக்கு முன்னால் கிளப்பில் நாலைந்து தடவை சேர்ந்து ஆடிப் பார்த்தார்கள்.

"பிரதர், என் கையில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுதா?" என்றார் ஹ்யூபர்ட்.

"தெரியல."

"எனக்கும் உன் கை தெரியல. அப்ப சரிசமம், சண்டை இல்ல." காயைக் கலக்கிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். "கொஞ்சம் சிரியேன்ப்பா. இல்ல, திட்டவாவது செய். வின்ஸ்லோ நான் தப்பாப் போட்டா எங்கம்மா வரைக்கும் போவான். நீ என்னடான்னா பொணம் மாதிரி..." சட்டென்று நிறுத்தினார். "மன்னிச்சுக்கோ பிரதர். வாய் தவறிடுச்சு."

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் எவரால்ட். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

மேட்ச் சனிக்கிழமை மத்தியானம். நூலகக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேடையில் மேசை, மேசைக்குப் பின்னால் திரையில் வின்ஸ்லோவின் பெரிய படம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். மீதிப் பேர் இஞ்சி கேக் இலவசம் என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

மேசையைப் பார்த்ததும் எங்கள் ஆட்களின் முகம் தொங்கிப்போனது. தடிமனான பச்சைத் துணி ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். டாமினோ ஆட்டத்தில் காயை மெதுவாக வைப்பவன் தோற்கப் போகிறவன். நல்ல காய் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து, மேசை அதிர ஓங்கி அறைய வேண்டும். துணிமேல் அறைந்தால் தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் வரும்.

டார்பி ஆட்டக்காரன் கென்ராய் துணியை விரலால் அமுக்கிப் பார்த்தான். தொண்டை பெரிய ஆள். "இதென்ன, கொழந்தைக்குப் போட்ட மெத்தையா? இதுல யாரத் தூங்க வைக்கணும்?"

ஷெவான் கையைப் பிசைந்தாள். "மேல் மாடியில படிக்கிறவங்க இருக்காங்க. சத்தம் மேல போகக் கூடாதுன்னு..."

அப்போதுதான் மெர்லீன் உள்ளே வந்தாள். ஊதா நிறத் தொப்பி, அதே நிறத்தில் கோட்டு. கோப்பையைக் கொடுக்க அவளைத்தான் அழைத்திருந்தார்கள். எவரால்ட் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராக மேடையேறி, துணியைப் பார்த்தாள்.

"இது யாரு வேலை?"

"நான்தான் ஆன்ட்டி."

"அவன் படத்த இத்தனை பெருசா மாட்டிட்டு, அவன் வாயை மூடப் பாக்குறியா? உசுரோட இருந்தப்பவே என்னால முடியலம்மா." ஊசிகளைப் பிடுங்கினாள், துணியை நாலாக மடித்து ஷெவான் கையில் வைத்தாள். "படிக்கிறவங்க படிக்கட்டும். இதுவும் படிப்புதான்."

கூடம் சிரித்தது. மெர்லீன் சிரிக்காமல் இறங்கி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு பேச்சு. நகரத்தின் சார்பில் வந்த ஒருவர் வின்ஸ்லோவைப் பற்றிக் காகிதம் பார்த்து வாசித்தார். பொறுமையின் வடிவம் என்றார், பணிவுக்கு எடுத்துக்காட்டு என்றார், இரண்டு தலைமுறைகளுக்குப் பாலம் என்றார். தோற்றால் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போகிற ஆளைப் பற்றி இதையெல்லாம் கேட்க எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. எவரால்ட் திரையை அண்ணாந்து பார்த்தார். வின்ஸ்லோவுக்குப் பல் இடைவெளி தெரியும் போட்டோ அது. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. வயிறு கொஞ்சம் பசித்தது.

ஆட்டம் தொடங்கியது. எவரால்டுக்கு எதிரே ஹ்யூபர்ட், ஒரு பக்கம் கென்ராய், இன்னொரு பக்கம் கென்ராயின் கூட்டாளி சைலஸ். சைலஸ் பேசவே மாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து கென்ராய் பேசினான்.

முதல் ஆட்டம் போனது. இரண்டாவதும் போனது. எவரால்ட் தப்பாக ஒன்றும் ஆடவில்லை. போட வேண்டியதைப் போட்டார், எண்ண வேண்டியதை எண்ணினார். ஆனால் காயை அறையவில்லை, மேசையில் வைத்துத் தள்ளினார்.

"ஏய் ஹ்யூபர்ட்டு, கத்திரி புடிச்ச கைக்குக் காய் எதுக்கு? சீப்பக் குடுங்கப்பா அவர்கிட்ட," என்றான் கென்ராய். மூன்றாவதையும் ஜெயித்ததும் எவரால்ட் பக்கம் திரும்பினான். "எவரால்ட் அண்ணே, பஸ்ஸு நடுரோட்டுல நின்னுபோச்சு போல. எறங்கித் தள்ளவா?"

கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். எவரால்ட் தலையை ஆட்டினார்.

நாலாவதும் ஐந்தாவதும் போனபோது எங்கள் ஆட்களிடம் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்று, நடுவில் ஒன்றுகூட ஜெயிக்காமல் போவதைவிட எங்களுக்கு வேறு அவமானம் கிடையாது. ஆறுக்குப் பூஜ்யம் வாங்கியவனை முடி வெட்டுகிற கடையில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட விடமாட்டார்கள். வின்ஸ்லோவும் எவரால்டும் ஒருநாளும் அதை வாங்கியதில்லை. இப்போது வின்ஸ்லோவின் படத்துக்குக் கீழேயே அது வந்துகொண்டிருந்தது.

ஆறாவது ஆட்டத்தில் ஹ்யூபர்ட்டும் வாயை மூடிக்கொண்டார். காய் வரிசை நீண்டு, மேசை விளிம்பில் வளைந்து திரும்பியது. கென்ராய் கையில் ஒரே ஒரு காய் மிச்சம். வரிசையின் ஒரு முனையில் நாலு, மறுமுனையில் இரண்டு நின்றபோது ஹ்யூபர்ட் மேசையைத் தட்டினார்.

"பாஸ்."

நாலும் இல்லை, இரண்டும் இல்லை என்று அர்த்தம். கூடத்தில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். சைலஸ் இரண்டின் மேல் ஒரு காயை வைத்து அந்த முனையை ஐந்தாக்கினான். அடுத்தது எவரால்டின் முறை.

அவர் கையில் ஐந்தும் நாலும் சேர்ந்த காய் இருந்தது. அதுதான் போட வேண்டிய காய், அதில் சந்தேகமில்லை. எந்த முனையில் வைப்பது என்பதுதான் விஷயம். நாலு என்ற எண் உள்ள மற்ற காய்களெல்லாம் இறங்கிவிட்டன, வெளியே மிச்சமிருப்பது இரண்டு பக்கமும் நாலு உள்ள இரட்டை நாலு ஒன்றுதான். அது ஹ்யூபர்ட்டிடம் இல்லை. அப்படியானால் டார்பிக்காரர்களிடம் இருக்கிறது. நாலு நிற்கும் முனையில் இதை வைத்து அடைத்துவிட்டால் அது அவர்கள் கையிலேயே கிடந்து அழுகும். டாமினோ தெரியாத இஞ்சி கேக் ஆட்களுக்கே இதற்குள் இது விளங்கியிருந்தது.

எவரால்ட் காயை எடுத்தார். எழுந்தார். அன்றைக்கு முதல் தடவையாக எழுந்தார். கையை ஓங்கி, மேசை குலுங்க, காயை ஐந்தின் மேல் அறைந்தார். இரண்டு முனையிலும் நாலு.

பிறகு கென்ராய் தன் கடைசிக் காயை முத்தமிட்டான், நாற்காலி பின்னால் விழ எழுந்து, இரட்டை நாலை அறைந்தான். அந்த அறையில் வரிசையே சிதறிப்போனது.

டார்பிக்காரர்கள் மேடைமேல் ஏறிவிட்டார்கள். ஆறு, ஆறு என்று தரையை மிதித்தார்கள். மேல் மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஹ்யூபர்ட் இருந்த இடத்திலேயே கையை விரித்தார்.

"பிரதர், நாலு இல்லைன்னு தட்டினேனே. உன் கண்ணு முன்னாலதானே தட்டினேன். யாருக்கு வச்ச அத?"

எவரால்ட் தன் கையைப் பார்த்தார். அறைந்த உள்ளங்கை சிவந்து எரிந்தது. "தெரியல," என்றார்.

"தெரியலையா? சின்னப் புள்ளகூட அப்படி வைக்காதுப்பா."

"அண்ணனுக்குத் தூக்கம் வந்துருச்சு," என்றான் கென்ராய். "அந்தத் துணியக் கொண்டாங்க, போத்தி விடுவோம்."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்று ஒரு குரல் வந்தது. மெர்லீன். கோப்பையை எடுத்துத் தரவேண்டியவள் அதைத் தொடாமல் மேசைக்கு வந்து நின்றாள். சிதறிய காய்களுக்குள் இரட்டை நாலைத் தேடி எடுத்து, எவரால்ட் முன்னால் வைத்தாள். இத்தனை நாளில் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானே வச்ச?"

எவரால்ட் அந்தக் காயை விரலால் தொட்டார்.

"ரெட்டக் காய் வந்தா மொதல்ல எறக்கித் தொலைக்கணும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஆடுவாங்க. அந்தக் கிறுக்கன் மட்டும் ரெட்ட நாலக் கடைசி வரைக்கும் வச்சிட்டிருப்பான். சாப்பாட்டுலயும் அப்படித்தான், நல்ல கறியெல்லாம் தட்டு ஓரத்துல ஒதுக்கி வைப்பான். இத எறக்க நீதான் அவனுக்கு எப்பவும் வழி பண்ணுவ." தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "நான் பின்னால உக்காந்து பாக்காத ஆட்டமா? நீ ஹ்யூபர்ட்டுக்கு வைக்கல எவரால்ட்."

"நான் நெனச்சு வைக்கல," என்றார் அவர். "கை வச்சிருச்சு."

ஹ்யூபர்ட் எதிர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நகர்ந்தார். அதில் உட்காரக் கூடாதவர் உட்கார்ந்துவிட்டது போல. கென்ராய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். டார்பிக்காரர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

மெர்லீன் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. "குழிக்குப் பக்கத்துல வச்சு இந்த மனுஷன ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. இப்ப அதத் திருப்பி எடுத்துக்கறேன். இதையும் எல்லாரும் கேட்டுக்குங்க."

"நீ சொன்னது தப்பில்ல மெர்லீன்," என்றார் எவரால்ட். "எனக்கு இப்பவும் ஒண்ணும் வரல. சத்தியமா வரல."

"எப்படி வரும்?" அவள் அவருக்கு நேர் எதிரே, காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ இன்னும் அவன்கூடத்தான் ஆடிட்டிருக்க." மேசைமேல் குனிந்து, காது கேட்காதவனிடம் சொல்வது போல நிறுத்திச் சொன்னாள். "வின்ஸ்லோ செத்துட்டான், எவரால்ட்."

அவர் அவளைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது.

"எப்ப?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மெர்லீனும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வெளியூரிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த சொந்தக்காரனுக்குச் சொல்வது போல, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"புதன்கிழமை. மத்தியானம். பின்னால தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வந்தான். செருப்பெல்லாம் சேறு. அப்பத்தான் தரை தொடச்சிருந்தேன், கத்தினேன். 'கத்தாதடி, உக்காந்து கழட்டுறேன்'னான்." நிறுத்தினாள். "உக்காந்தான். கழட்டல. நான் அடுப்பப் பாத்துட்டு இன்னொரு தடவை கத்தினேன். அப்பவும் கழட்டல."

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்லன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நான்தான் கழட்டினேன்," என்றாள் மெர்லீன்.

அவள் அழாமல்தான் சொல்லி முடித்தாள். எவரால்ட் இரண்டு கைகளையும் மேசைமேல், காய்களுக்கு நடுவே விரித்து வைத்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகு அத்தனை பேருக்கு முன்னாலும் சத்தமாக அழுதார்.